படம் போன பிறகுதான் பந்தி

போனில் பச்சை எழுத்து வந்துவிட்டது. பரிமாறலாம் என்று பளிச்சென்று வந்து நிற்கிறது, யார் இல்லை என்றார்கள், ஆனால் அதற்குக் கீழேதான் வில்லங்கம். படங்கள் மூன்று. அண்டாவில் உப்புமா, தட்டில் உப்புமா, காலித் தட்டோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள். மூன்றின் அடியிலும் மஞ்சள் எழுத்தில் காத்திருக்கிறது, காத்திருக்கிறது, காத்திருக்கிறது. பேச்சியம்மாள் போனைச் சாய்த்துப் பார்த்தாள், முந்தானையில் துடைத்துவிட்டுப் பார்த்தாள், தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து அண்ணாந்து பார்த்தாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. வெளியே மேகம் இறங்கி, பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கிற தேயிலைச் சரிவையே காணோம். மேகம் இறங்கினால் இந்த எஸ்டேட்டில் சிக்னல் போய்விடும், அது எல்லோருக்கும் தெரிந்த கதைதான், அதற்காக மேகத்தைக் கோபித்துக்கொள்ள முடியுமா. உப்புமாவில் இன்னும் ஆவி பறந்தது. அதுவும் எவ்வளவு நேரம் பறக்கும், இந்தக் குளிரில் அடுப்பை விட்டு இறக்கினால் அண்டாவும் கல்லும் ஒன்றுதான். ஷெட்டின் இரண்டு பக்கமும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகள் தட்டைப் பார்க்கவில்லை, அண்டாவையும் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பழக்கம் அப்படி ஆகிவிட்டது. அவள் முகம் மலர்ந்தால் படம் போய்விட்டது, கரண்டி வரும். முகம் சுருங்கியிருந்தால் இன்னும் போகவில்லை. இத்தனை பிள்ளைகள் தினமும் காலையில் தன் முகத்தைப் படிக்கிறார்கள் என்று நினைத்தால் அவளுக்குக் கூச்சமாக இருந்தது, வேண்டுமென்றே முகத்தை ஒன்றும் இல்லாதது போல வைத்துக்கொண்டாள், அது இன்னும் மோசமாகத்தான் வந்திருக்கும்.

எஸ்டேட் பள்ளிக்குக் காலைச் சாப்பாடு போடுகிறவர்கள் கீழே டவுனில் இருக்கிற ஒரு டிரஸ்ட்காரர்கள். நல்லவர்கள், ரவையும் பருப்பும் குறைவில்லாமல் அனுப்புகிறார்கள், எண்ணெய்கூட நல்ல எண்ணெய். ஒரே ஒரு சட்டம். சாப்பாட்டைப் படம் எடுத்து அவர்கள் வெப்சைட்டில் ஏற்ற வேண்டும், ஏறிய பிறகுதான் பரிமாற வேண்டும். சாமிக்குப் படைத்துவிட்டுச் சாப்பிடுவது மாதிரி என்று அவள் முதலில் நினைத்துக்கொண்டாள், அதில் ஒன்றும் தப்பில்லை என்றுதான் பட்டது. ஆனால் சாமி சிக்னல் கேட்பதில்லை. அப்போதெல்லாம் படத்தை அனுப்பினால் ஒரு சக்கரம் சுற்றும். அது சுற்றி முடிக்கிற வரைக்கும் போனில் வேறு எதையும் தொடக்கூடாது, தொட்டால் எல்லாம் போய் முதலிலிருந்து எடுக்க வேண்டும். போனை முட்டைச் சட்டி மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய், அங்கிருந்து கொடிக்கம்பம் பக்கம் போய், கால் மாற்றி நின்று, இப்படி ஒரு வருஷம் அல்ல, இரண்டு வருஷம். படத்துக்கென்று வைத்த தட்டு அதற்குள் ஆறி, மேலே ஏடு கட்டி, பிள்ளைகளுக்குக் கொடுக்க மனசு வராமல் கடைசியில் அவள்தான் அதைத் தின்பாள். படம் நன்றாக வர வேண்டுமே என்று அந்தத் தட்டில் மட்டும் காரட்டும் பட்டாணியும் மேலாக எடுத்து வைத்திருப்பாள், அதனால் எஸ்டேட்டிலேயே நிறைய காரட் தின்கிற பொம்பிளை அவள்தான். சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது, ஏனென்றால் அந்த நாள் ஞாபகத்துக்கு வந்துவிட்டது, போன ஆடி மாதம் மழையில், சக்கரம் சுற்றிச் சுற்றி நிற்காமல், பெல் அடித்து, பிள்ளைகள் காலித் தட்டைக் கழுவி அடுக்கிவிட்டு வகுப்புக்குப் போனார்களே, அந்த நாள். காலித் தட்டை ஏன் கழுவினார்கள். பழக்கம்தான், சாப்பிட்டால் கழுவ வேண்டும், சாப்பிடாவிட்டாலும் கை போகிறது. அண்டா நிறைய உப்புமாவோடு அவள் தனியாக நின்றாள். அன்றைக்கு மத்தியானம் அவள் சாப்பிடவில்லை, அதனால் யாருக்கு என்ன லாபம்.

அப்புறம்தான் அந்தப் பெண் ஜீப்பில் வந்தாள், ஆதிரை. இந்த வெப்சைட்டை எழுதுகிறவர்களில் ஒருத்தி, பார்த்தால் காலேஜில் படிக்கிற பிள்ளை மாதிரி இருந்தாள், குளிருக்குக் கைகளை அக்குளில் சொருகிக்கொண்டு ஒரு காலை முழுக்கக் கூடவே நின்று பார்த்தாள், பார்க்கப் பார்க்க மூஞ்சி சிவந்து போயிற்று. அடுத்த தடவை வந்தபோது எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு வந்தாள். "அக்கா, இனிமே நீங்க காத்திருக்க வேண்டாம். படத்தை எடுத்துட்டீங்கன்னா போதும், அது போனுக்குள்ளயே பத்திரமா இருக்கும். நீங்க பாட்டுக்குப் பரிமாறுங்க. சிக்னல் வர்றப்ப அது பின்னால தானா போயிரும்." "போகலைன்னா?" "போகும்க்கா." "சரிம்மா, போகலைன்னா?" "மறுபடியும் முயற்சி பண்ணும். அதுவும் போகலைன்னா மறுபடியும். போற வரைக்கும் விடாது." இந்த ஒரு பேச்சு பேச்சியம்மாளுக்குப் பிடித்துப்போனது, விடாது என்று சொன்னது. ஆனால் பிடித்ததெல்லாம் நம்பிக்கை ஆகிவிடுமா. முதல் நாள் படத்தை அமுக்கினாள், அமுக்கின மாத்திரத்தில் பச்சை வந்துவிட்டது. இரண்டு வருஷம் சுற்றின சக்கரம் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. இவ்வளவு சீக்கிரம் வந்தால் அது வேலை செய்யவில்லை என்றுதானே அர்த்தம், எந்த ஆபீஸில் எந்தக் காரியம் கேட்ட உடனே நடந்திருக்கிறது. அதனால் மறுபடி அமுக்கினாள். மறுபடியும் உடனே பச்சை. சந்தேகம் கூடிற்று, இன்னும் அமுக்கினாள், வழக்கமாகச் சக்கரம் எவ்வளவு நேரம் சுற்றுமோ அவ்வளவு நேரத்துக்கும் அமுக்கிக்கொண்டே இருந்தாள், அப்போதுதான் மனசு அடங்கியது. சாயங்காலம் ஆதிரை போன் பண்ணினாள். "அக்கா, ஒரே உப்புமா எங்களுக்கு வந்துக்கிட்டே இருக்கு. ஆபீஸ்ல எல்லாரும் கேக்குறாங்க, மேல என்ன கல்யாணமான்னு." திட்டவில்லை, சிரித்தாள், அப்படியே கெஞ்சவும் செய்தாள், ஒரு தடவை போதும் அக்கா, நம்புங்க. நம்புங்க என்று சொல்வது லேசு. கோஆர்டினேட்டர் ஞானவேலைக் கேட்டாள், டிரஸ்ட்டில் இந்த மலைப் பள்ளிகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு, சார், இனிமே படம் போறதுக்கு முந்தியே பரிமாறலாமாமே, அப்படியா என்று. அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "புதுசு வந்திருக்கு, சரிதான். இருந்தாலும் நீங்க பாத்து நடந்துக்குங்க பேச்சியம்மா." பாத்து நடந்துக்குங்க. பாத்து என்றால் எதைப் பார்த்து, பச்சையைப் பார்த்தா, மஞ்சளைப் பார்த்தா. இத்தனை நாளும் சிக்னல் இருந்தது, பச்சை வந்த கொஞ்ச நேரத்தில் மஞ்சளும் மாறி, சேர்ந்தது என்று எழுத்து வந்துவிடும், அவளும் அது வரும் வரைக்கும் சாம்பாரைக் கிண்டுகிற சாக்கில் நின்றுவிட்டுத்தான் பரிமாறினாள், ஆதிரையிடம் இதைச் சொல்லவில்லை, பாவம், மனசு வருத்தப்படும். இன்றைக்குத்தான் மஞ்சள் மாறாத முதல் நாள்.

மாறாவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும், சகாயமேரிக்கு என்ன ஆயிற்று என்று தெரியும். எஸ்டேட்டின் மேல் டிவிஷன் பள்ளியில் சமைத்தவள், வெங்காயம் நறுக்கினால் ஒரே அளவாக விழும், அப்படி ஒரு கை. ஒரு மழை நாளில் சக்கரம் நிற்கவில்லை, சகாயமேரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போனை அலமாரியில் வைத்துவிட்டுப் பரிமாறினாள். பிள்ளைகள் சாப்பிட்டதைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனையோ பேர், டீச்சர் பார்த்தார், ஆயா பார்த்தாள். படம் இல்லை. படம் இல்லாவிட்டால் சாப்பாடு போடவில்லை, போடாத சாப்பாட்டுக்கு வந்த ரவை எங்கே, இப்படிக் கேட்டுக் கேட்டு அவளைத் திருடி ஆக்கி அனுப்பிவிட்டார்கள். இப்போது மறுபடி தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறாள், எதிரே பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுகிறாள். பேச்சியம்மாளும் கொழுந்து எடுத்தவள்தான். கொழுந்து என்றதும் தோள் தானாக வலிக்கிறது, இத்தனை வருஷம் கழித்தும். எடை போடுகிற இடத்தில் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள், எடை எழுதுகிறவர் டீ குடிக்கப் போயிருப்பார், இறக்கி வைத்தால் வரிசை போய்விடும், இறக்காவிட்டால் கழுத்து போய்விடும், மழைத் தண்ணீர் சாக்கு வழியாக இறங்கி முதுகில் ஓடும். கொழுந்து இருக்கிறது, எடுத்தவள் இருக்கிறாள், தராசும் எதிரிலேயே இருக்கிறது, அந்த மனுஷன் டீ குடித்து முடிக்காமல் மட்டும் ஒரு கிலோகூட உண்மை ஆகாது. அங்கேயும் நின்றாய், இங்கேயும் நிற்கிறாய். இல்லை, இது வேறு, இது அவள் பேரில் வந்த வேலை. மாடசாமி பெண்டாட்டி என்று சீட்டில் எழுதாமல் பேச்சியம்மாள், சமையலர் என்று எழுதி, அதில் அவள் படம் ஒட்டி, கழுத்தில் மாட்டிக்கொள்ள நாடாவோடு கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது மாடசாமி பின்னாலிருந்து, "பெரிய கலெக்டரு" என்றான், ஆனால் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. இன்று காலையில்கூட மேகத்தைப் பார்த்துவிட்டு அவன்தான் சொன்னான், "ஏ பேச்சி, சும்மா கிடக்கிற சங்கை ஊதிக்கிட்டு இருக்காத. படம் போனா போடு, போகலையா கையைக் கட்டிக்கிட்டு நில்லு. உன்மேல யாரும் குத்தம் சொல்ல முடியாது பாரு." அது சரிதான். கையைக் கட்டிக்கொண்டு நின்றால் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். போன ஆடி மாதம் யாருமே சொல்லவில்லை, ஞானவேல்கூட அன்றைக்கு நல்லபடியாகத்தான் பேசினார். எல்லாரும் நல்லபடியாகப் பேசினார்கள், பிள்ளைகள் மட்டும் சாப்பிடவில்லை.

தலைமையாசிரியர் தேவசகாயம் குடையோடு ஷெட் வாசலில் வந்து நின்றார், உள்ளே வரவில்லை. "பேச்சியம்மா, போச்சா?" "இல்ல சார், இன்னும் மஞ்சளாவே நிக்குது." "இன்னைக்கு அஞ்சாம் வகுப்புக்குப் பரீட்சை. என்னால பெல்லைத் தள்ளி அடிக்க முடியாது, பாத்துக்குங்க." இவரும் பாத்துக்குங்க. எல்லாரும் சேர்ந்து அவளையே பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள், அவள் ஒருத்திக்கு எத்தனை கண் இருக்கிறது. "நீங்க போடச் சொல்றீங்களா சார்?" என்று கேட்டுவிட்டாள். அவர் குடையை மடக்கினார், பிறகு விரித்தார். "நான் எப்படிச் சொல்றது, அது உங்க டிரஸ்ட் விஷயம்" என்று சொல்லிவிட்டு மேகத்துக்குள் போனார், கொஞ்ச தூரம் போனதும் குடை மட்டும் தெரிந்தது. அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, ஆதிரைமேல்தான் வந்தது, அநியாயமான கோபம். அந்த மஞ்சள் எழுத்தை எதற்கு வைத்தாள். பச்சையை மட்டும் காட்டியிருந்தால் தெரியாமல் பரிமாறியிருப்பேனே, இருக்கிறதை இருக்கிறபடி சொல்லித்தான் ஆக வேண்டுமா. கேட்டதுக்கு அன்றைக்கே சொன்னாளே, "போகாததைப் போச்சுன்னு காட்டுனா அது உங்களை ஏமாத்துறது அக்கா." ஏமாற்றாமல் இருந்ததுக்குத் திட்டுகிறேனே, என் புத்தியே என்று நினைத்துக்கொண்டாள். விடாது என்றாளே, படத்தை வைத்துக்கொண்டு போன் விடாதாம். நான் விட்டுவிடுவேனா. போகலைன்னா, போகலைன்னா, போகலைன்னா என்று மனசு செக்கு மாடு மாதிரி அதே இடத்தில் சுற்றியது. அப்போது வரிசையின் கடைசியிலிருந்து, "அத்த, போச்சா?" என்று ஒரு குரல் வந்தது. மங்ரி. ஜார்க்கண்டிலிருந்து கொழுந்தெடுக்க வந்த குடும்பத்துப் பிள்ளை, ஒன்றாம் வகுப்பு, தமிழ் ஒரு எழுத்து தெரியாது. தண்ணீர் வேண்டுமென்றால் கையைக் காட்டும், ஒண்ணுக்குப் போக வேண்டுமென்றால் டீச்சர் சேலையைப் பிடித்து இழுக்கும். ஆனால் இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டுவிட்டது. தினமும் மற்ற பிள்ளைகள் கேட்பதைக் கேட்டுக் கேட்டு, அந்தப் பிள்ளை தமிழில் முதன்முதலாகப் பேசக் கற்றுக்கொண்டது போச்சா என்பதைத்தான். பசிக்குது என்றுகூட இல்லை. சோறு என்றுகூட இல்லை. பேச்சியம்மாளுக்கு வந்தது அழுகையா கோபமா என்று பார்க்க நேரமில்லை, இரண்டும்தான். போனை அப்படியே மஞ்சளோடு ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

"போகலை" என்றாள். "போகலைடி. நீ சாப்பிடு."

கடைசியிலிருந்தே தொடங்கினாள், வழக்கமாக முதலிலிருந்து, இன்றைக்குக் கடைசியிலிருந்து. மங்ரி தட்டில் ஒரு கரண்டி, இரண்டாவது கரண்டி, சாம்பார். அந்தப் பிள்ளை உப்புமாவைப் பார்க்காமல் இவள் முகத்தையே பார்த்தது, போகலை என்று சொன்ன பிறகு கரண்டி வந்து அது கண்டதில்லை. பிறகு கை இறங்கியது. மற்றதுகள் சலசலவென்று பேசிக்கொண்டன, ஏய் அத்தை போடுது, படம் போகாமலே போடுது. "அத்த, உங்களை வேலையை விட்டு நிப்பாட்டிருவாங்களா?" என்று ஐந்தாம் வகுப்பு அருள்ஜோதி கேட்டாள், சகாயமேரி அவளுக்குச் சித்தி முறை. "பேசாம சாப்பிடு, பரீட்சை இருக்கு" என்றாள் பேச்சியம்மாள். நிறுத்துவார்களா. நிறுத்தலாம். நாடாவைக் கழற்றி மேஜைமேல் வைக்கச் சொல்வார்கள், மாடசாமி ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பான், அவள் மறுபடி சாக்கைத் தூக்குவாள். முதுகு தாங்குமா. தாங்காது. ஆனாலும் கரண்டி நிற்கவில்லை, கை ஒரு பக்கமும் மனசு ஒரு பக்கமும் போய்க்கொண்டிருந்தன, பயம் இருக்கத்தான் செய்தது. பயம் இருந்தால் என்ன, அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும், அதற்காக உப்புமா ஆற வேண்டுமா. சாம்பார் சூடாக இருந்தது. சூடு பட்டு ஒரு பிள்ளை உஸ் என்று விரலை ஊதிற்று, இந்த ஷெட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று, ஆறினதைத் தின்கிற பிள்ளைகள் எங்கே விரலை ஊதப் போகிறார்கள். இன்னொரு தடவை கேட்டதுகளுக்கு இன்னொரு தடவை போட்டாள். பெல் அடித்தபோது அண்டா அடியில் சுரண்டுகிற அளவுதான் மிச்சம் இருந்தது. பிள்ளைகள் தட்டைக் கழுவி அடுக்கிவிட்டு ஓடினார்கள், மங்ரி ஓடும்போதும் மென்றுகொண்டே ஓடியது. படத்துக்கு எடுத்த தட்டை இன்றைக்கு யார் தின்றார்கள் என்றே தெரியவில்லை, வரிசையில் எங்கோ போய்விட்டது.

பிறகு ஷெட் அமைதியாகிவிட்டது. அண்டாவில் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். மஞ்சள், மஞ்சள், மஞ்சள். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்துப் பரீட்சையும் எழுத உட்கார்ந்துவிட்டார்கள், இது இன்னும் காத்திருக்கிறது. அவள் போனைக் கையில் எடுக்கவில்லை. எடுத்தால் பழையபடி கொடிக்கம்பத்துக்கும் தொட்டிக்கும் நடக்கத் தோன்றும், அந்த நடை இனி கிடையாது என்று முடிவு பண்ணியாயிற்று. நாளைக்கும் மேகம் இறங்கும், நாளைக்கும் இப்படித்தான் போடுவேன், வேலை இருக்கிற வரைக்கும் இப்படித்தான். அண்டாவைத் தேய்த்தாள், அடிப்பிடித்த இடத்தில் சாம்பலை வைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தாள். வெளியே எதிர்ச் சரிவில் தேயிலை கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சையாகத் தெரியத் தொடங்கியிருந்தது. ஜன்னல் கட்டையில் போன் லேசாக ஒரு தடவை அதிர்ந்தது. எட்டிப் பார்த்தாள். முதல் படத்தின் அடியில் மஞ்சள் போய், போய்க்கொண்டிருக்கிறது என்று வந்திருந்தது, பக்கத்தில் சின்னதாக ஒரு கோடு நகர்ந்தது. சாம்பல் கையோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நிற்கக் கூடாது என்று அப்போதுதான் சொல்லிக்கொண்டவள். கோடு பாதிக்கு மேல் வந்தது. அதற்குள் படமும் கோடும் எல்லாம் மறைந்து திரை முழுக்க ஞானவேல் பெயர் வந்து போன் கத்த ஆரம்பித்தது. முழங்கையால் தள்ளி, சுண்டுவிரலால் அமுக்கி, காதில் வைத்தாள்.

"பேச்சியம்மா, உங்க ஸ்கூல்ல இருந்து மட்டும் இன்னைக்குப் படம் வரலை. பரிமாறலையா?"

"பரிமாறியாச்சு சார். பிள்ளைங்க சாப்பிட்டுக் கிளாஸுக்கும் போயாச்சு."

"படம் வராம எப்படிம்மா போட்டீங்க? நான்தான் பாத்து நடந்துக்குங்கன்னு சொன்னேன்ல?"

"பாத்துத்தான் சார் நடந்தேன். பிள்ளைங்க உக்காந்திருந்துச்சு, பாத்தேன், போட்டேன்."

"சகாயமேரி விஷயம் ஞாபகம் இருக்குல்ல?"

"நல்லா ஞாபகம் இருக்கு சார்" என்றாள். போனைக் காதிலிருந்து எடுத்து, திரையில் ஞானவேல் பெயரை ஒதுக்கிவிட்டுப் படத்தைப் பார்த்தாள். கோடு அதே இடத்தில் நின்றிருந்தது. இந்த மலையில் பேச்சு போனால் படம் போகாது, ஒரு வழிதான், இரண்டும் சேர்ந்து போகிற அளவுக்குச் சிக்னல் எந்த நாளும் இருந்ததில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும், இப்ப படம் எங்கம்மா? எனக்கு ஆபீஸ்ல கேக்குறாங்க. படம் எங்க?"

"வந்துக்கிட்டுதான் சார் இருந்துச்சு, பாதி வழி வந்திருச்சு. நீங்க கூப்பிட்டீங்க, நின்னுபோச்சு. போனை வைங்க சார், அது வரட்டும்."

அவர் வைக்கவில்லை, மேலே ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். பேச்சியம்மாள் சாம்பல் விரலால் சிவப்புப் பட்டனை அமுக்கினாள்.